நூறாவது ஞாயிறு: என்னோடு வரைய வந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லாருக்கும்,

போன ஞாயிறு பத்மநாபபுரம் அரண்மனைக்கு வெளியே மர நிழலில் உட்கார்ந்து ஏழு பேரும் வரைந்தோமே, அது நாம் சேர்ந்து வரைந்த நூறாவது ஞாயிறு. நோட்டின் ஓரத்தில் நான் எண் போட்டு வருகிறேன், அதனால் தெரியும். அன்றைக்கே நன்றி சொல்ல நினைத்தேன். நோட்டுகளை வரிசையாகத் தரையில் பரப்பியதும் தொண்டை அடைத்துக்கொண்டது. அப்போது வராத பேச்சை இப்போது எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் உறவு சொல்லியே அழைக்கிறேன். படிக்கும்போது யாருக்கு எது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

பள்ளியில் படம் போட்டுக்கொண்டிருந்த நான் கல்யாணத்துக்கு அப்புறம் விட்டுவிட்டேன். 2020 ஊரடங்கில் மகனுடைய பழைய நோட்டின் மிச்சத் தாள்களில் மறுபடி தொடங்கினேன். வீட்டில் யாரும் தடுக்கவில்லை. ஒரு படத்தை முடித்துவிட்டு, "இந்த நிழல் சரியான பக்கம் விழுந்திருக்கா?" என்று கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. காட்டினால் "கொள்ளாமே", அதாவது நல்லா இருக்கே, என்பார்கள். அதோடு பேச்சு முடிந்துவிடும். ஓவிய வகுப்பு ஒன்றில் விசாரிக்கப் போனேன். "பிள்ளை எங்கே?" என்று கேட்டார்கள். எனக்குத்தான் என்றேன். பெரியவர்களுக்கு இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். தக்கலைக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வேளிமலையையே பார்த்துக்கொண்டு வந்தேன். அன்றைக்கு ரொம்ப வருத்தமாக இருந்தது.

அப்படி இருந்தவளுக்குத் துணை தேடிக் கொடுத்தவர் நாகர்கோவிலில் காகிதக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. முதல் நன்றி உங்களுக்குத்தான், அண்ணாச்சி. 300 ஜிஎஸ்எம் என்கிற தடித்த வாட்டர்கலர் தாளை எண்ணி நான்கு தாளாக வாங்குவேன். ஒருநாள் தாளைச் சுருட்டிக்கொண்டே சொன்னீர்கள்: "இந்தத் தாளை ரெண்டு பேருதாம்மா வாங்குதாவ. ஒண்ணு நீங்க. இன்னொண்ணு ஒரு ரிட்டயர்டு கணக்கு சார். அவரும் தனியாத்தான் வரையுதாராம்." உடனே ஒரு அட்டையை எடுத்து, ஞாயிறு காலையில் சேர்ந்து வரைய விருப்பமுள்ளவர்கள் கடையில் சொல்லவும் என்று உங்கள் கையாலேயே எழுதிக் கல்லாவுக்கு மேலே ஒட்டினீர்கள். நான் கேட்கவே இல்லை. கேட்கும் துணிச்சலும் அன்று எனக்கு இல்லை.

முதல் ஞாயிறு மாத்தூர் தொட்டிப்பாலம். புது இடம், புது ஆள். நான் மகனைக் கூட்டிக்கொண்டு போனேன். சார், நீங்கள் அம்மாவை அழைத்து வந்திருந்தீர்கள். அம்மா ஃபிளாஸ்க்கைத் திறந்து சுக்குக்காப்பி ஊற்றிக் கொடுத்த பிறகுதான் எனக்குப் பதற்றம் தணிந்தது. அந்தக் காப்பிக்கும், அதற்குப் பின் வந்த அத்தனை ஞாயிற்றுக் காப்பிக்கும் நன்றி, அம்மா.

பாலத்தின் மேலே நிற்காமல் கீழே பறளியாற்றுப் பக்கம் இறங்கி, அண்ணாந்து பார்த்து வரைந்தோம். 1966-இல் கட்டிய பாலம். இரண்டு மலைகளுக்கு நடுவே 28 தூண்கள், உயரம் 115 அடி, மேலே தொட்டி மாதிரி கால்வாய். தூரத்தில் போகப் போகக் கோடுகள் எப்படி ஒரே புள்ளியை நோக்கிக் குறுகும் என்று சார் விரலை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். நான் மும்முரமாகத் தூண்களை வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு குரல்: "அக்கா, எல்லாத் தூணையும் ஒரே நீளத்துல போட்டிருக்கியளே. மேல தொட்டி மட்டமா போகுது, கீழ தரை பள்ளமாக்கும். நடுவுல நிக்கது நீளமாத்தானே இருக்கும்?"

சென்டரிங் வேலை செய்யும் தம்பி, அது நீ. சுற்றிப் பார்க்க வந்தவன். நிமிர்ந்து பார்த்தேன், நீ சொன்னது அப்படியே சரி. சார் சிரித்துக்கொண்டே தன் அழிப்பானை எனக்குக் கொடுத்தார். அப்புறம் நீ கூச்சத்தோடு செல்போனில் காட்டிய படங்களை நான் மறக்கவே மாட்டேன். பலகைத் துண்டுகளில் தச்சர்கள் குறிவைக்கும் தட்டைப் பென்சிலால் போட்ட படங்கள். சாப்பாட்டு நேரத்தில் படுத்துத் தூங்கும் உன் கூட்டாளிகள், சிமெண்ட் படிந்த கால்விரல்கள், கவிழ்த்து வைத்த சட்டி. வரைந்த பலகைகள் மறுநாள் கான்கிரீட்டுக்கு அடியில் போய்விடும் என்றாய். அடுத்த வாரம் உனக்கு ஒரு நோட்டு வாங்கி வந்தேன். அதை நீ இரண்டு கையாலும் வாங்கினாய். மூன்று வருடமாக "கொள்ளாமே" மட்டும் கேட்டவளுக்கு முதல்முறையாகத் தப்பு சொன்னவன் நீ. எனக்கு ஒரு தோழன் கிடைத்துவிட்டான் என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

தோவாளை அக்கா சேர்ந்தது சுசீந்திரம் தெப்பக்குளத்தங்கரையில். குளத்தில் கோபுரத்தின் நிழலை வரைய முயன்று, தண்ணீர் முழுக்கப் பச்சையை அப்பிவைத்திருந்தேன். மாணிக்கமாலை கட்டும் கை உங்களுடையது. அரளியை மடித்து மடித்து, பட்டையான பாய் போல நிறம் மாற்றிக் கோக்கிற வேலை. என் படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னீர்கள்: "செவப்பு அரளிக்குப் பக்கத்துல பச்சை நொச்சியை வச்சாத்தான் ரெண்டும் எடுப்பாத் தெரியும். நீ பச்சைக்குப் பக்கத்துல பச்சையையே வைக்கியே." பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு வண்ணத்தை நீர்த்த பதத்தில் எடுத்துப் படிக்கட்டுப் பக்கம் ஒரு இழுப்பு இழுத்தேன். குளம் பளிச்சென்று விழித்துக்கொண்டது. பள்ளிக்கூடத்துக்குப் பிறகு பென்சிலே தொடாதவர் நீங்கள். இன்று முகூர்த்தநாள் இல்லாத ஞாயிறுகளில் விடியும் முன்பே பூச்சந்தை வேலையை முடித்துவிட்டு எங்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள்.

கல்லூரிப் பிள்ளைகள் இருவருக்கும் நன்றி. அர்பன் ஸ்கெட்சர்ஸ் பற்றிச் சொன்னது நீங்கள்தான். 2007-இல் சியாட்டிலில் இருந்த காப்ரியேல் காம்பனாரியோ என்ற பத்திரிகை ஓவியர் தொடங்கியதாம். நேரில் பார்க்கிற இடத்தை அங்கேயே உட்கார்ந்து வரைபவர்கள், பல நாடுகளில் இருக்கிறார்கள். வரைந்து முடித்ததும் எல்லார் நோட்டையும் தரையில் விரித்து வைத்துப் பார்க்கும் பழக்கத்தை நாம் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டோம். எனக்கு வாரத்திலேயே பிடித்த பத்து நிமிஷம் அது. ஒரே இடம், ஏழு பார்வை. ஒருவர் கண்ணில் பட்ட காக்கை மற்ற ஆறு பேர் கண்ணிலும் பட்டிருக்காது.

முட்டத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவருக்கு இது போய்ச் சேருமா தெரியவில்லை. அவர் மடியில் கிடந்த வலையை நான் கட்டம் கட்டமாகப் போட்டிருந்தேன். எட்டிப் பார்த்து, "இது சாளை வலையாக்கும். கண்ணு இவ்வளவு பெருசா இருந்தா மீனு நிக்குமா?" என்று கேட்டுவிட்டு, வலையை விரலில் மாட்டி என் முகத்துக்கு நேரே பிடித்தார். ஒரு கண்ணுக்குள் சுண்டுவிரல் நுனிதான் போனது. நான் திருத்தி முடிக்கும் வரை கையை அசைக்கவே இல்லை.

நமக்கு மழையும் இரண்டு பருவம். ஜூனில் ஒன்று, ஐப்பசியில் இன்னொன்று. அந்த ஞாயிறுகளில் சார் வீட்டுத் திண்ணைதான் இடம். அரை மணி நேரம் ஆனாலும் தாள் காயாது. ஆடியில் நேர்மாறு: வண்ணம் தொடும் முன்பே காய்ந்துவிடும், தாளும் பறந்துவிடும். வட்டக்கோட்டையில் தம்பியின் படம் மதிலைத் தாண்டிக் கடலுக்குப் போனதே! அடுத்த வாரமே அவன் ஆளுக்கு நான்கு துணிக்கிளிப் வாங்கி வந்தான்.

சிதறால் மலைக்குப் போன நாளைத் தனியாகச் சொல்ல வேண்டும். முழங்கால் வலியால் சார் ஏறவில்லை. அடிவாரத்து மரத்தை வரைந்தபடி காத்திருந்தார். நாங்கள் மேலே ஒன்பதாம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்களை வரைந்து எடுத்துக்கொண்டு இறங்கினோம். சார், என் நோட்டில் இருந்த தீர்த்தங்கரரை நீங்கள் வெகுநேரம் பார்த்தீர்கள். பசங்களைக் கூட்டிக்கொண்டு மேலே ஏறிய காலத்தைப் பற்றிப் பேசினீர்கள். பிறகு, "தலைக்கு மேல இருக்க முக்குடையில உச்சிக் குடை சின்னதா இருக்கணுமே" என்று நீங்களே பென்சிலால் லேசாகத் திருத்தினீர்கள். அந்தக் கோட்டை நான் அழிக்கவில்லை. அதன் மேல் வண்ணமும் பூசவில்லை.

கடைசியாக என் மாமிக்கு. ஞாயிறு காலையில் மருமகள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் அக்கம்பக்கம் என்ன கேட்கும் என்று எனக்குத் தெரியும். அதற்கெல்லாம் நீங்கள் பதில் சொல்லிவிடுகிறீர்கள் என்றும் தெரியும். "நீ போயிட்டு வா மக்ளே, மீன்கறி நான் வச்சிருவேன்" என்று முதல் ஞாயிறு சொன்னீர்கள். நூறு ஞாயிறும் வைத்துவிட்டீர்கள்.

வரும் ஞாயிறு வட்டக்கோட்டை. ஏழு மணிக்கு வந்துவிடுங்கள், கிளிப்பை மறந்துவிட வேண்டாம். மாமி முந்திரிக்கொத்து சுட்டுத் தருகிறேன் என்றிருக்கிறார், ஆளுக்கு மூன்று. அண்ணாச்சி, உங்களுக்கும் எடுத்து வைத்திருக்கிறேன். கடை திறக்கும் முன் ஒருமுறையாவது வந்து எங்களோடு உட்காருங்கள். தாள் என்னிடம் இருக்கிறது.

அன்புடன்,
தக்கலையிலிருந்து உங்கள் அக்கா