பிலிமா, டிஜிட்டலா?

சுங்கை சிப்புட், பேராக்

அன்புள்ள கூட்டாளிக்கு,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததைப் படித்து மனசு நிறைந்தது. இங்கே எல்லாரும் சுகம். மழைதான் விட்டபாடில்லை.

நம்ம தோட்டத்து லயங்களை, அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளை, இடிப்பதற்குள் படமெடுத்துவிட வேண்டும், அதையும் பிலிமில்தான் எடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். படமெடுக்கும் யோசனைக்கு ஒரு பெரிய கும்பிடு. பிலிமில்தான் என்பதில் எனக்குச் சம்மதமில்லை.

நீ எடுக்க நினைப்பதை யோசித்துப் பார். விடியுமுன் நெற்றி விளக்கோடு ரப்பர் பால்மரம் சீவப் போகிறவர்கள், அம்மன் கோயில் உள்மண்டபம், லயத்துச் சமையற்கட்டு. ஐஎஸ்ஓ எண் கூடக் கூடத்தான் குறைந்த வெளிச்சத்திலும் படம் விழும்; 400 ஐஎஸ்ஓ பிலிமுக்கு அந்த வெளிச்சம் போதாது. ஃப்ளாஷ் அடித்தால் அந்த இருட்டின் அழகே போய்விடும். இன்றைய டிஜிட்டல் கேமராவில் ஐஎஸ்ஓவை 6400 வைத்துக் கையில் பிடித்தே எடுக்கலாம். லயம் இடிந்த பிறகு மறுபடி எடுக்க முடியாது. சரியாக விழுந்ததா என்று அங்கேயே பார்த்துக்கொள்ள வேண்டாமா?

கறுப்பு வெள்ளை பிலிமை வீட்டிலேயே கழுவலாம், நான் கழுவுகிறேன். ஆனால் கழுவும் மருந்தான டெவலப்பரின் நேரக் கணக்கெல்லாம் 20 டிகிரி செல்சியஸுக்கு. நம் குழாய்த் தண்ணீரோ 28-ஐ ஒட்டி வருகிறது. ஐஸ் கட்டியைப் பையில் கட்டி மிதக்கவிட்டு, தெர்மாமீட்டரையே பார்த்தபடி நிற்க வேண்டும். சூட்டோடு ஊற்றினால் கழுவும் நேரம் ஐந்து நிமிடத்துக்கும் கீழே சுருங்கி, படம் திட்டுத்திட்டாக வந்துவிடும்.

ஆனாலும் பிலிமை விட எனக்கு மனசில்லை. வயசானவர்களின் முகத்துக்கு அதைத்தான் எடுப்பேன். கலர் நெகட்டிவில் மத்தியான வெயில் கொஞ்சம் கூடுதலாக விழுந்தாலும் வெள்ளை வேட்டியின் மடிப்பு தெரியும். டிஜிட்டலில் அது ஒரேயடியாக வெளுத்துவிட்டால் மீட்க முடியாது. ரோலில் 36 படம்தான் என்பதால் நானும் நிதானமாகிறேன், எதிரில் உட்கார்ந்தவரும் நிதானமாகிறார்.

அப்புறம், உன் அப்பா எடுத்த நெகட்டிவ்கள் தகர டப்பாவில் கிடப்பதாகச் சொன்னாயே, அதை முதலில் கவனி. மூடியைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் பிலிமின் அடிப்பொருளான அசிட்டேட் கெடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். நம் ஊர்ச் சூடும் ஈரமும் அதை வேகப்படுத்தும். காகித உறைகளில் மாற்றி வை. கிட்டத்தில் வைத்து எடுக்கும் மேக்ரோ லென்ஸும், அடியிலிருந்து வெளிச்சம் தரும் லைட் பேடும் இருந்தால் டிஜிட்டல் கேமராவிலேயே அவற்றைப் படமெடுத்துவிடலாம். இரண்டு ஹார்ட் டிஸ்கில் போட்டு ஒன்றை என் வீட்டில் வை.

தைப்பூசத்துக்கு வருவாய் அல்லவா? என் டிஜிட்டல் கேமராவைத் தருகிறேன். லயத்தில் அதோடு சுற்றிப் பார், பிறகு பிலிமா டிஜிட்டலா என்று முடிவெடுத்துக் காசைச் செலவழி.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி