ஹூஸ்டனிலிருந்து அப்பாவுக்கு

ஹூஸ்டன், டெக்சாஸ்
10 பிப்ரவரி 2019

அன்புள்ள அப்பாவுக்கு,

கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம். நாங்கள் மூவரும் நலம். உங்கள் மூட்டுவலி எப்படியிருக்கிறது என்று அம்மாவைக் கொண்டாவது எழுதுங்கள். புயல் ஓய்ந்து ஒன்றரை ஆண்டாகியும் சனிக்கிழமைதோறும் எனக்குச் சபையில் என்ன வேலை என்று தொலைபேசியில் கேட்டீர்கள். அதை நிதானமாகச் சொல்லவே இக்கடிதம்.

2017 ஆகஸ்ட் 25 அன்று ராக்போர்ட் அருகே கரைகடந்த ஹார்வி புயல், இந்நகரத்தை வதைத்தது காற்றால் அல்ல, நகராமல் நின்று நாட்கணக்கில் கொட்டிய மழையால். நீடர்லாந்து என்னும் ஊரில் 60 அங்குலத்துக்கு மேல் பெய்தது. இங்குள்ள வீடுகளுக்கு மரச்சட்டத்தின்மேல் ஜிப்சம் பலகை அறைந்ததுதான் சுவர். வெள்ளம் வடிந்த பிறகும் பலகைக்குள் ஈரம் மேலேறிக்கொண்டேயிருக்கும். ஓரிரு நாளில் பூஞ்சை பிடித்துவிடும். நனைந்ததை வெட்டியெறிந்து சட்டத்தைக் காயவைக்க அப்போது ஆட்கள் ஏராளமாக வந்தார்கள். காய்ந்த சட்டத்தின்மேல் மறுபடி சுவர் எழுப்பத்தான் ஆளில்லை.

லூத்தரன் சபையாரின் பெரும்பணி அதற்குப் பிறகுதான். எங்கள் தெருவில் ஒரு விதவைப் பாட்டி இருக்கிறார். வெள்ளக் காப்பீடு கிடையாது. ஃபீமா என்னும் அரசு நிறுவனம் ஒரு குடும்பத்துக்குக் கொடுக்கும் தொகைக்கு அவ்வாண்டு 33,300 டாலர் உச்சவரம்பு; இவருக்கோ, வீட்டுப் பத்திரம் இறந்துபோன கணவர் பெயரிலேயே இருந்ததால், முதலில் எதுவுமே கிடைக்கவில்லை. பட்டா இன்னும் தாத்தா பெயரில் கிடக்கும் நம் ஊர் வீடுகளை நினைத்துக்கொண்டேன். சபை அனுப்பிய பெண்ணொருவர் மாதக்கணக்கில் அவருடன் உட்கார்ந்து காகிதங்களைச் சேர்த்து, மேல்முறையீடு எழுதி, அதிலும் தீராத மிச்சத்தைப் பல சபைகள் கூடிப் பேசும் மேசைக்குக் கொண்டுவந்தார். அங்கே ஒரு சபையார் பலகைக்குப் பணம் கொடுக்க, மென்னோனைட்டுகள் என்னும் வேறொரு கிறிஸ்தவ சபையார் தச்சர்களை அனுப்ப, வந்தவர்களுக்குத் தங்குமிடமும் சாப்பாடும் எங்கள் பொறுப்பாயிற்று.

சுனாமிக்குப் பிறகு தரங்கம்பாடிச் சாலையோரத்தில் குவிந்துகிடந்த பழந்துணி மூட்டைகள் உங்களுக்கு நினைவிருக்கும். கொடுத்தவர்கள் நல்ல மனதுடன்தான் கொடுத்தார்கள், ஆனால் ஒருவரும் வாங்குகிறவரைக் கேட்கவில்லை. இங்கே கேட்டுவிட்டுத்தான் கொடுக்கிறார்கள். அதனால் தாமதமாகிறது என்ற குறை எனக்கும் உண்டு, ஆனாலும் இதுதான் சரி என்று படுகிறது. பேரிடருக்கென்று தனியே கொடுத்த காணிக்கையில் நிர்வாகச் செலவுக்கு ஒரு காசும் எடுப்பதில்லை என்பதைக் கேட்டால் நம் சபைப் பொருளாளர் வியப்பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெள்ளத்தின்போது லூத்தரன் அமைப்பொன்று, துயரப்பட்டவர்கள் கட்டிக்கொண்டு அழுவதற்கென்றே பழக்கிய கோல்டன் ரெட்ரீவர் நாய்களை ஹூஸ்டனுக்கு அனுப்பியது. நம் ஆலயத்துக்குள் நாய் நுழைந்தால் உபதேசியார் கம்பெடுப்பார் என்று நானும் முதலில் சிரித்தேன். எங்கள் தெருப் பாட்டியோ, ஆறுதல் சொல்ல வந்த எங்களிடமெல்லாம் பேசாமல் இருந்துவிட்டு, அந்த நாயிடம்தான் முதன்முதலாக வாய்விட்டு அழுதார்.

அடுத்த வாரம் அவர் வீட்டுக்குச் சுவர் அறைய மினசோட்டாவிலிருந்து பன்னிரண்டு பேர் வருகிறார்கள். பெரும்பாலும் பணி ஓய்வு பெற்ற விவசாயிகள். சபை மண்டபத்தில் மடக்குக் கட்டில் போட்டுப் படுப்பார்கள். புதன்கிழமைச் சமையல் என்னுடையது. சென்ற முறை வந்தவர்கள் என் சாம்பாரைக் கண்ணீர் மல்கக் குடித்தார்கள். மாமா மார்ச்சில் வரும்போது, அம்மாவிடம் மிளகாயைக் குறைத்து அரைக்கச் சொல்லி, ஒரு கிலோ பொடி கொடுத்தனுப்புங்கள்.

அன்பு மகள்,
மேரி