செருப்பு தைக்கும் அண்ணனுக்கும் மற்ற எல்லோருக்கும்

உள்ளங்காலில் வந்த மெலனோமா என்னும் தோல் புற்றுநோயை வெட்டியெடுத்து, தையலும் பிரித்தாயிற்று. தொடையிடுக்கு நெறிக்கட்டிக்குப் பரவவில்லை என்று முந்தாநாள் ரிசல்ட் வந்தது. நடந்த கதை உங்களுக்கெல்லாம் தெரியும். மறுபடி சொல்ல எனக்குத் தெம்பில்லை.

ஆஸ்பத்திரிக்குக் காரோட்டிய மாடிவீட்டுத் தம்பி, மூன்று வேளையும் சோறு அனுப்பிய மைத்துனி, என் வேலையையும் சேர்த்துப் பார்த்த ஆபீஸ் நண்பர்கள், கேட்டதையே கேட்டாலும் சலிக்காமல் பதில் சொன்ன தோல் டாக்டர், எல்லோருக்கும் என் கும்பிடு.

பஸ் ஸ்டாண்டுப் புளியமரத்தடி அண்ணனைப் பற்றித்தான் கொஞ்சம் எழுதியாக வேண்டும். எனக்கு அகலப் பாதம், தோல் செருப்பு அவர் கையால் தைத்தால்தான் சேரும். போன ஆடியில் அட்டையில் பாதத்தை வைத்து வரைந்தபோது, "இங்கே ஆணி இருக்கு, மெத்தையா வையுங்க" என்று காட்டினேன். அந்த இடத்தில் ஒரு மிளகளவுக்குப் புள்ளி வைத்துக்கொண்டார். நானும் அதைக் கால் ஆணி என்றே நம்பி, மாதக்கணக்கில் ஆணி பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருந்தேன். உள்ளங்காலில் மச்சம் என்றால் ஊர் சுற்றும் யோகம் என்று அம்மா வேறு சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்தத் தை மாதம் வார் மாற்றப் போனேன். பழைய அட்டையை எடுத்து என் காலோடு வைத்துப் பார்த்தார். "சார், ஆணி கருப்பா ஓரம் கிழிஞ்சு பரவாது. இது புளியங்கொட்டை ஆயிடுச்சு. டாக்டர்ட்ட காட்டுங்க." அட்டையையும் கையில் கொடுத்தார். வார் மாற்றிய கூலியை மட்டும் கறாராக வாங்கிக்கொண்டார்!

டாக்டர் அந்த அட்டையைத்தான் முதலில் பார்த்தார். ஒரு பாதி மறு பாதியோடு ஒத்துப்போகாதது, ஓரம் கோணல்மாணலாக இருப்பது, ஒரே மச்சத்தில் இரண்டு மூன்று நிறம், 6 மில்லிமீட்டருக்கு மேல் அகலம், இவற்றையெல்லாம்விட, அது மாறிக்கொண்டே வருவது, இவைதான் மெலனோமாவுக்கு அடையாளம் என்றார். நம்மைப் போன்ற நிறத்தவருக்கு இது வெயில் படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியில்தான் பெரும்பாலும் வருமாம். பாடகர் பாப் மார்லிக்கும் கால் பெருவிரல் நகத்தடியில்தான் வந்தது, பந்தாடிப் பட்ட அடி என்று நினைத்திருந்தார்கள் என்றான் மகன். 1981-ல் இறந்தபோது அவருக்கு வயது 36.

இனி சனிக்கிழமை எண்ணெய் தேய்க்கும்போது வீட்டில் எல்லார் பாதத்தையும் திருப்பிப் பார்ப்பது என்று முடிவு. மகள் கூச்சத்தில் நெளிகிறாள், விடுவதாயில்லை.

அண்ணே, தோல் ஒட்டிய இடம் ஆறியதும் புது அளவு கொடுக்க வருகிறேன். பழைய அட்டையை டாக்டர் ஃபைலிலேயே வைத்துக்கொண்டார். வேறு ஒன்று எடுத்து வையுங்கள்.