அந்தக் குண்டு தவறியிருந்தால்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நடக்காத வரலாற்றைக் கற்பனை செய்வது வெறும் பொழுதுபோக்கு என்று வாசகர் ஒருவர் தங்கள் நாளிதழில் எழுதியிருந்தார். வந்தவாசிக்காரனான எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

1760 ஜனவரி 22 அன்று ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் இங்கு நடந்த போரைப் பற்றிப் பேச்செடுத்தால், “அன்றைக்குப் பிரெஞ்சுக்காரன் ஜெயித்திருந்தால்” என்று யாராவது தொடங்காமல் இருப்பதில்லை. அப்படிக் கேட்கத் தூண்டும் நிகழ்ச்சி அந்தப் போரிலேயே இருக்கிறது. பிரெஞ்சுப் படையினர் குளக்கரை ஒன்றை அரணாக்கி நின்ற இடத்தில், ஆங்கிலேயரின் பீரங்கிக் குண்டு வெடிமருந்து வண்டியில் பட்டு, ஏறத்தாழ எண்பது பேர் செத்தும் காயமுற்றும் விழ, எஞ்சியவர்கள் மிரண்டு ஓடினர். அந்த முனையை மீட்க முயன்ற பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி, புதுச்சேரியில் இன்றும் ஒரு வீதிக்குப் பெயராக இருப்பவர், சிறைப்பட்டார். ஒரு குண்டில் ஒரு நாட்டின் தலையெழுத்தே மாறியது என்று சொல்வதில் உள்ள கவர்ச்சியை நானும் உணர்கிறேன்.

ஆனால் அந்தக் குண்டு நாலு முழம் தள்ளி விழுந்ததாக வைத்துக்கொண்டு மேலே யோசித்தால்தான் விஷயம் தெளிகிறது. பிரெஞ்சுப் படையின் தலைமைத் தளபதி லாலியின் வீரர்கள் முந்தைய அக்டோபரில்தான் சம்பளப் பாக்கிக்காகக் கலகம் செய்திருந்தனர். அதே மாதம் மொரீஷியசுக்குக் கிளம்பிய தாஷேயின் பிரெஞ்சுக் கப்பற்படை திரும்பி வரவேயில்லை. ஆங்கிலேயருக்கோ கடலும் கையில் இருந்தது, வங்காளத்துப் பணமும் இருந்தது. லாலி வென்றிருந்தாலும், 1761 ஜனவரியில் வீழ்ந்த புதுச்சேரி இன்னும் சில மாதங்கள் தாக்குப்பிடித்திருக்கும், அவ்வளவுதான் என்பது என் கணிப்பு.

என்னைக் கேட்டால், கற்பனைக்கு உரிய ஆண்டு 1748. இரண்டாண்டுகளுக்கு முன் பிரெஞ்சுக் கப்பற்படைத் தலைவர் லபூர்தொனே ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றிய சென்னையை, கனடாவில் ஆங்கிலேயர் பிடித்திருந்த லூயிபூர் கோட்டைக்கு மாற்றாக, ஐரோப்பாவில் செய்துகொண்ட ஓர் உடன்படிக்கையில் பிரெஞ்சு அரசு திருப்பிக் கொடுத்துவிட்டது. கொடுக்காமல் இருந்திருந்தால் 1751இல் ஆற்காட்டைப் பிடிக்க ராபர்ட் கிளைவ் எங்கிருந்து புறப்பட்டிருப்பார்? அப்போதும் கடலூர் தேவனாம்பட்டினத்துக் கோட்டை ஆங்கிலேயர் வசமே இருந்திருக்கும் என்பதால் இதற்கும் எளிய விடை கிடையாது.

பிரெஞ்சு ஆட்சி இதமாக இருந்திருக்கும் என்று கனவு காண்பவர்கள் மட்டும் பிரெஞ்சுக்காரர் ஆண்ட அல்ஜீரியாவின் வரலாற்றை ஒருமுறை படிப்பது நல்லது.

வந்தவாசிப் போர் நடந்த ஆண்டையும் வென்ற தளபதியின் பெயரையும் கேட்பதோடு நம் வினாத்தாள்கள் நின்றுவிடுகின்றன. எது மாறியிருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று ஒரு நெடுவினா கேட்டுப் பார்க்கலாம். அதற்கு விடை எழுத மாணவர்கள் லாலியின் சம்பளப் பாக்கியையும் தாஷேயின் கப்பல்களையும் தேடிப் படித்தாக வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
வந்தவாசி.