மலாக்கா செட்டிகள் செட்டிநாட்டார் அல்லர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நம் பக்கத்துப் பிள்ளைகள் சனி, ஞாயிறில் எங்கே போய்வரலாம் என்று தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில், மலேசிய நகரமான மலாக்காவின் செட்டிகளைச் ‘செட்டிநாட்டு வம்சாவளியினர்’ என்று எழுதியிருந்தீர்கள். அது பிழை. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பலரும் நம்பிக்கொண்டிருக்கும் பிழையும்கூட. பெயரில் ‘செட்டி’ இருந்தால் நம்மவர் என்று எடுத்துக்கொள்வது நமக்குப் பழக்கமாகிவிட்டது.

மலாக்கா செட்டிகள், அங்கே சுல்தான்கள் ஆண்ட 15ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள். அந்த வணிகர்கள் போன இடத்துப் பெண்களை மணந்து அங்கேயே தங்கிவிட்டார்கள். இன்று வீட்டில் பேச்சு மலாய், கும்பிடுவது மாரியம்மனையும் பிள்ளையாரையும், பெண்கள் உடுத்துவது சாரோங் கெபாயா என்ற மலாய் உடை. பெயருக்குப் பின்னால் பிள்ளை, நாயக்கர் என்று போட்டுக்கொள்வோரும் அவர்களில் உண்டு. செட்டிநாட்டுக்காரர்களான நகரத்தார் மலாயாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போனதோ வெள்ளைக்காரன் காலத்தில், 19ஆம் நூற்றாண்டில். குடும்பத்தை ஊரில் விட்டு, கிட்டங்கி என்ற கடைவீட்டில் பெட்டியடியில் உட்கார்ந்து, மூன்று வருடக் கணக்கு முடித்துத் திரும்பியவர்கள் அவர்கள். இரண்டு பயணத்துக்கும் இடையே முந்நூறு வருடத்துக்கு மேல் இருக்கிறது. நகரத்தார் ஒவ்வொருவரும் ஏதாவது ஒன்றைச் சேர்ந்திருக்கும், இளையாற்றங்குடி முதலான ஒன்பது நகரக் கோயில்களில் உங்கள் கோயில் எது என்று ஒரு மலாக்கா செட்டியிடம் கேட்டுப் பாருங்கள், கேள்வியே அவருக்குப் புரியாது.

குழப்பம் எங்கிருந்து வந்திருக்கும் என்பதையும் சொல்லிவிடலாம். மலாக்காவின் பொய்யாத விநாயகர் கோயில், டச்சுக்காரர் கொடுத்த நிலத்தில் 1781இல் செட்டிகள் கட்டியது. உடைமை அவர்களுடையது, ஆனால் அன்றாடப் பூசையை நடத்திவருவது நகரத்தார். உள்ளே போகிறவர் திருநீற்றுத் தட்டோடு நிற்பவரைப் பார்த்துவிட்டு, கோயிலே நம்முடையது என்று முடிவு கட்டிவிடுகிறார்.

கட்டுரையின் பயணத் திட்டத்திலும் இடிக்கிறது. வெள்ளி மாலை வேலை முடிந்ததும் பஸ் ஏறினால் இரவுச் சாப்பாட்டுக்கு மலாக்கா என்கிறது. தூரம் 240 கிலோமீட்டர்தான். ஆனால் இந்தப் பயணத்தில் நேரத்தைத் தின்பது சாலை அல்ல, இரண்டு குடிநுழைவுக் கட்டடங்கள். வெள்ளி மாலை உட்லண்ட்ஸ் கடற்பாலத்தில் நிற்கிற வரிசைக்கு மணிக்கணக்கு கிடையாது. முன்பு, பாலத்துக்கு அந்தப் பக்கம் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளி, சனி. 2025 ஜனவரி முதல் அங்கேயும் சனி, ஞாயிறு ஆகிவிட்டதால் இரு கரைக் கூட்டமும் ஒரே நேரத்தில் பாலத்தில் சேர்கிறது. சனிக்கிழமை விடியுமுன் கிளம்புவதுதான் சரி. நேர் கோச்சில் போவதென்றால் துவாஸ் இரண்டாம் பாலம் வழியாகப் போவதைக் கேட்டு எடுக்க வேண்டும்.

கோச்சில் போகிறவர்கள் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. இரண்டு பக்கமும் இறங்கி, முத்திரை முடித்து, மறுபடி ஏற வேண்டும். மலேசியப் பக்கம் மூட்டை முடிச்சையும் இறக்கிச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். வண்டி உங்களுக்காகக் காத்திருக்கும் என்று நம்பாதீர்கள், கூட்ட நாளில் விட்டுவிட்டுப் போய்விடும். இறங்குமுன் வண்டி எண்ணைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், இருக்கையில் எதையும் விட்டுவிடாதீர்கள். இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால் சிங்கப்பூர் குவீன் ஸ்திரீட்டிலிருந்து 170ஆம் எண் நகரப் பேருந்தில் ஜொகூர் பாருவின் லார்கின் நிலையம் போய், அங்கே மலாக்கா வண்டி பிடிக்கலாம். சோதனை முடித்து வர எவ்வளவு நேரம் ஆனாலும் அடுத்த 170 வரும், அதில் ஏறிக்கொள்ளலாம். கொஞ்சம் அலைச்சல்தான், செலவு குறைவு.

விசா பற்றி எழுதிய கட்டுரையாளர் படிவத்தை மறந்துவிட்டார். இந்தியக் கடவுச்சீட்டுக்கு 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள் வரை மலேசியா விசா கேட்பதில்லை, சலுகை 2026 டிசம்பர் 31 வரை. ஆனால் மின்வருகை அட்டையைப் பயணத்துக்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்பியே ஆக வேண்டும். சிங்கப்பூர்க் குடிமகனுக்குத்தான் விலக்கு, அங்கே ஒர்க் பெர்மிட்டில் இருக்கும் நம் பிள்ளைக்கு இல்லை. மலேசியக் குடிநுழைவுத் துறையின் சொந்தத் தளத்தில் இது இலவசம். காசு கேட்டால் அது போலித் தளம். கடவுச்சீட்டு எண்ணில் சுழியத்தையும் ‘ஓ’ எழுத்தையும் மாற்றிப் போட்டுவிட்டு முகப்பில் போய் நிற்பது வழக்கமாக நடப்பது.

மலாக்காவில் பஸ் நிற்கும் சென்ட்ரல் நிலையம் பழைய ஊரிலிருந்து ஐந்து கிலோமீட்டர் போலத் தள்ளி. ஜோங்கர் தெருவில் அறை எடுக்க வேண்டாம். வெள்ளி, சனி, ஞாயிறு மாலையில் அங்கே இரவுச் சந்தை, கார் உள்ளே வராது, சத்தம் ஓய நடுநிசி ஆகும். டச்சுக்காரரின் சிவப்புக் கட்டடம், 1753இல் முடிந்த கிறிஸ்து தேவாலயம், போர்ச்சுக்கீசியக் கோட்டையில் மிஞ்சிய ஒரே வாசல் எல்லாம் அரை நாளில் நடந்தே பார்த்துவிடலாம். நின்று பார்க்க வேண்டியது பொய்யாத விநாயகர் இருக்கும் தெரு. பிள்ளையாரும், 1748இல் எழுந்த கம்போங் கிளிங் பள்ளிவாசலும், 17ஆம் நூற்றாண்டுச் சீனக் கோயிலும் சில எட்டுக்குள் இருக்கின்றன.

ஞாயிறு காலையைக் காஜா பெராங்கிலுள்ள செட்டிகளின் குடியிருப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். சின்ன அருங்காட்சியகம் உண்டு. மற்றபடி அது மக்கள் வாழும் தெரு, வீட்டுத் திண்ணைக்குள் கேமராவை நீட்டக் கூடாது. தமிழில் பேச்சுக் கொடுத்தால் சிரிப்பார்கள், பதில் மலாயிலோ ஆங்கிலத்திலோ வரும். போகிக்கு முன்னோரை நினைத்து இலை போட்டு அவர்கள் வைப்பதற்குப் ‘பராச்சு’ என்று பெயர். நம் வீடுகளில் படைப்புக்குச் செய்வதைப் பார்த்தவருக்கு விளக்கம் தேவைப்படாது. ஏப்ரல் கடைசி, மே வாக்கில் மாரியம்மன் திருவிழா நடக்கும். ‘தாத்தோ சாச்சார்’ என்று அதைச் சொல்வார்கள். சாச்சார் என்றால் அம்மை நோய். மொழி போனாலும் ஆத்தாள் எதற்கு என்பது போகவில்லை.

சைவக்காரர்களும் சஷ்டி, கார்த்திகை விரதம் இருப்பவர்களும் கவனிக்க: அங்கே காய்கறி வதக்கலிலும் சம்பலிலும் ‘பெலாச்சான்’ என்ற இறால் விழுது போடுவார்கள். ‘இறைச்சி இல்லை’ என்று கடைக்காரர் சொல்வது பொய்யாகாது, இறாலை அவர் இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. பெலாச்சான் உண்டா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். செண்டோல் என்ற குளிர் இனிப்பைத் தயங்காமல் சாப்பிடலாம், தேங்காய்ப்பாலும் தென்னங்கருப்பட்டியும்தான்.

திரும்பும்போது ஞாயிறு மதியம் தாண்டாமல் கிளம்பவும். ஊருக்கு அனுப்ப அங்கே வாங்கினால் மலிவு என்று மூட்டை கட்டுவோருக்கு ஒரு செய்தி. சிங்கப்பூருக்குள் வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு அங்கே உள்ள ஜிஎஸ்டி சலுகை ஒர்க் பெர்மிட், எம்ப்ளாய்மென்ட் பாஸ், டிபெண்டன்ட் பாஸ்காரர்களுக்குக் கிடையாது. புதிதாக வாங்கிய பொருளுக்கு 9 சதவீதம் கட்ட வேண்டும். மலேசியாவிலிருந்து கொண்டுவரும் மதுவுக்கும் சலுகை இல்லை. சிகரெட் ஒன்றே ஒன்று என்றாலும் அறிவித்து வரி கட்ட வேண்டும். மின் சிகரெட்டை நினைக்கவே வேண்டாம்.

பினாங்கையும் இதே இரண்டு நாளில் கட்டுரை சேர்த்திருக்கிறது. பஸ்ஸில் அது முழு இரவுப் பயணம், இரண்டு இரவும் வண்டியிலேயே போய்விடும். தைப்பூசத்துக்கு விடுப்பு எடுத்து, விமானத்தில் போக வேண்டிய ஊர் அது. நகரத்தார் 1857இல் அங்கே எழுப்பிய தண்டாயுதபாணி கோயிலையும் வெள்ளி ரதத்தையும் அவசரத்தில் பார்க்க முடியாது. விமானத்தில் திரும்புகிறவர் சிங்கப்பூரின் வருகை அட்டையையும் நிரப்ப வேண்டும், பாஸ் வைத்திருப்போருக்கு விலக்கு தரைவழிக்கு மட்டும்தான். எங்கும் போகாத வாரத்துக்குச் சிங்கப்பூரிலேயே டேங்க் ரோடு முருகன் இருக்கிறார், 1859 முதல். நம் ஊர்க்காரர்களைப் பார்த்துப் பேச அதைவிட வசதியான இடம் அந்த ஊரில் இல்லை.

அடுத்த இணைப்பில் திருத்தம் போடுவதானால், ‘செட்டிநாட்டு வம்சாவளியினர்’ என்பதை எடுத்துவிட்டு ‘பழந்தமிழ் வணிகர் வழிவந்தவர்கள்’ என்று போட்டால் போதும். படத்தை மாற்ற வேண்டியதில்லை, அது சரியான கோயிலின் படம்தான்.

– வாசகர், தேவகோட்டை