தலிபான் தலைமைக்கு, வன்னியில இருந்து ஒரு கணித ரீச்சர்

கந்தஹாரில இருக்கிற ஹிபத்துல்லா அகுந்த்சாதா அவர்களுக்கும் காபூல்ல கல்வி அமைச்சில இருக்கிற ஐயாமாருக்கும்,

வணக்கம். என்னை உங்களுக்குத் தெரியாது. நான் இலங்கையில முல்லைத்தீவு மாவட்டத்தில ஒரு பள்ளிக்கூடத்தில கணிதம் படிப்பிக்கிறன். இந்தக் கடிதம் எழுத வச்சது என்ர தரம் 9 பிள்ளை ஒருத்தி. போன கிழமை பாடம் முடிஞ்சு கொஞ்ச நேரம் கிடந்தது, மலாலாவைப் பற்றிக் கதை வந்து பிறகு உங்கட நாட்டுப் பிள்ளையளைப் பற்றி வந்தது, பொம்பிளைப் பிள்ளையள் தரம் 6 வரைக்கும்தான் படிக்கலாம் எண்டு சொன்னன். அவள் எழும்பிக் கேட்டாள், "ரீச்சர், அப்ப அதுக்குப் பிறகு அவையள் விடிய எழும்பி என்ன செய்வினம்?" எனக்கு மறுமொழி வரேல்ல. மணி அடிச்சிட்டுது, நான் கொப்பியளைத் தூக்கிக்கொண்டு வந்திட்டன், ஆனா அந்தக் கேள்வி என்னோடயே வீட்ட வந்திட்டுது.

மலாலாவைச் சுட்டது நீங்கள் இல்ல, பாகிஸ்தான் தலிபான் எண்டு சொல்லுவியள். ஓம், எனக்குத் தெரியும். ஆனா பாகிஸ்தானில சுவாத் பள்ளத்தாக்கில நடந்ததில ஒரு சின்ன விசயம்தான் எனக்கு இந்த வயசிலயும் நெஞ்சுக்க நிக்குது. 2009 ஜனவரி 15க்குப் பிறகு பொம்பிளைப் பிள்ளையள் பள்ளிக்கூடம் போகக்கூடாது எண்டு அங்க கட்டளை. அதுக்கு முதல்நாள் பள்ளிக்கூடத்தில அதிபர் குளிர்கால லீவு எண்டு அறிவிக்கிறா, ஆனா திரும்பத் திறக்கிற தேதியைச் சொல்லேல்ல. அப்ப 11 வயசு மலாலாவுக்கு, வேற பேரில பிபிசி உருது பகுதிக்கு நாட்குறிப்பு எழுதிக்கொண்டு இருந்த பிள்ளை, அவவுக்கு அந்தத் தேதி இல்லாத லீவு எண்டா என்ன எண்டு உடன விளங்கிட்டுது.

எங்களுக்கும் விளங்கும் ஐயா. 2008இல நான் ஏ.எல், கம்பஸ் போறதுக்கு முதல் படிக்கிற உயர்தர வகுப்பு, படிச்சுக்கொண்டிருந்தனான், அக்கராயன் பக்கம். ஷெல் கிட்டக் கிட்ட விழத் தொடங்க எங்களையும் வீட்ட போகச் சொன்னவை, எப்ப வரச் சொல்லேல்ல. அதிபர் கேற்றடியில நிண்டு ஒவ்வொரு பிள்ளையையும் பாத்துக்கொண்டு நிண்டவர், ஒண்டும் கதைக்கேல்ல.

அதுக்குப் பிறகு தருமபுரம், விசுவமடு, பிறகு இன்னும் உள்ளுக்க. ஆனா நான் உங்களுக்குச் சொல்ல வாறது ஷெல்லைப் பற்றி இல்ல, கரும்பலகையைப் பற்றி. இடம்பெயரேக்க உழவு மிசினில நெல்லு மூட்டை, சட்டி பானை, கோழி, ஆச்சி எல்லாத்தோடயும் ஒரு கரும்பலகையும் வந்தது. எங்கட சேர் ஒராள் அதை விட்டிட்டு வரமாட்டன் எண்டு நிண்டு ஏத்தினவர். போய்ச் சேந்த இடத்தில வேப்பமரத்தில சாத்திவச்சு, மழை வந்தா தறப்பாளுக்க இழுத்து வச்சு, வெண்கட்டி முடிஞ்சாப் பிறகு காஞ்ச மரவள்ளிக்கிழங்குத் துண்டால எழுதிக்கூடப் பாத்தவர், அது வடிவா எழுதாது, கோடுதான் விழும், எண்டாலும் முக்கோணம் கீற அது காணும். விமானச் சத்தம் கேட்டா எல்லாரும் பங்கருக்க, சத்தம் போனாப் பிறகு திரும்பி வந்து விட்ட இடத்தில இருந்து. அதுக்கும் முந்தி, நான் சின்னப் பிள்ளையா இருக்கேக்க, பொருளாதாரத் தடையால மண்ணெண்ணெய் இல்லாத காலம், ஜாம் போத்தலுக்க பஞ்சைப் போட்டு அதில கொஞ்ச எண்ணெயை ஊத்தி ஒரு திரி வச்சு எரிச்சுத்தான் வாய்ப்பாடு பாடமாக்கினனாங்கள். அந்த வெளிச்சத்துக்கு நாலு பிள்ளையள் தலையை முட்டிக்கொண்டு இருப்பம், ஒருத்தியின்ர தலைமயிர் பொசுங்கின மணம் இப்பவும் எனக்கு ஞாபகம்.

எங்களிட்ட கட்டடம் இல்ல, வாங்கு இல்ல, வெளிச்சம் இல்ல. படிக்க விடவேணும் எண்ட மனம் மட்டும் பெரியாக்களிட்ட கிடந்தது. உங்களிட்ட கட்டடம் நிக்குது, வாங்கு கிடக்கு, ரீச்சர்மார் இருக்கினம், சண்டையும் முடிஞ்சுது எண்டு நீங்களே சொல்லுறியள். அப்ப ஏன் பூட்டு?

எங்கட மண்ணில எல்லாம் நேர்மையா நடந்தது எண்டு சொல்லவும் நான் வரேல்ல. பிள்ளையளை வகுப்புக்கு அனுப்பினாத் திரும்பி வருமோ எண்டு அம்மாமார் பயந்து வீட்டுக்க ஒளிச்சு வச்சிருந்த ஒரு காலம் இஞ்சையும் இருந்தது. ஆரால எண்டு இதில எழுதேல்ல, தெரிஞ்சவைக்குத் தெரியும். என்னோட படிச்ச ஒருத்தி, எங்கட வகுப்பிலயே கணக்கில கெட்டிக்காரி, சேர் கேள்வியை எழுதி முடிக்க முதலே விடையைச் சொல்லுறவள், அவளைக் காப்பாத்திறதுக்கு எண்டு 2007இல 17 வயசிலயே கலியாணம் கட்டிக் குடுத்திட்டினம். அப்ப அது சரியெண்டுதான் எல்லாரும் நினைச்சது. இண்டைக்கு அவளின்ர மகள்தான் என்ர தரம் 9இல படிக்கிறாள்.

போன தவணை பெற்றோர் கூட்டத்துக்கு வந்தவள். மகளின்ர கொப்பியை விரிச்சு வச்சிருந்தன், காரணிப்படுத்தல் பாடம். பேசாம ரெண்டு பக்கம் பிரட்டினவள், பிறகு விரலை ஒரு இடத்தில வச்சு, "இதில சய வரவேணுமெல்லோ, இவள் சக போட்டிருக்கிறாள்" எண்டாள். கழித்தல் வரவேண்டிய இடத்தில கூட்டல், நான் திருத்தேக்க பாக்காமல் விட்ட பிழை! அவள் பள்ளிக்கூடத்தை விட்டு இவ்வளவு வருசம், இடையில முகாம், மூண்டு பிள்ளையள், தோட்டக் கூலி, அதுக்குள்ளயும் அந்தக் கணக்கு அவளுக்க கிடந்திருக்கு. நான் பாத்துக்கொண்டிருக்க அவள் கொப்பியை மூடிப்போட்டு "மிச்சம் எல்லாம் மறந்து போச்சடி" எண்டு சொன்னாள். எனக்கு அண்டைக்கு வேற பெற்றோரோட கதைக்க ஏலாமப் போச்சு.

நான் 2009 ஆகஸ்டில, சண்டை முடிஞ்சு எங்களை வச்சிருந்த செட்டிகுளம் முகாமில இருந்து ஏ.எல் எழுதினன், சரிவரேல்ல, திரும்ப எழுதினன், கம்பஸ் போனன், ரீச்சரா வந்தன். எங்கள் ரெண்டு பேருக்கும் இடையில மூளையில வித்தியாசம் இல்ல. பிந்தினாலும் எனக்குத் திரும்ப ஒரு கதவு திறந்தது, அவளுக்குத் திறக்கேல்ல, அவ்வளவுதான்.

இப்ப உங்கட கதவுக்கு வாறன். 2021 ஆகஸ்ட் 15 காபூல் உங்கட கைக்கு வந்தது, செப்டெம்பரில ஆம்பிளைப் பிள்ளையளை மட்டும் உயர் வகுப்புகளுக்குத் திரும்பக் கூப்பிட்டியள். பிறகு 2022 மார்ச் 23 திறக்கிறம் எண்டு சொன்னியள். நான் ரீச்சர் எண்டபடியா எனக்கு அந்த நாளுக்கு முந்தின இரவு தெரியும். பாக்கைத் திரும்பத் திரும்ப அடுக்கியிருப்பினம், ஏழு மாசத்தில வளந்திருப்பினம், பழைய சட்டையின்ர கரையை அம்மா பிரிச்சுத் தைச்சிருப்பா. காலமை போய் வாங்கில இருந்து சில மணித்தியாலத்தில திருப்பி அனுப்பினியள். அழுதுகொண்டு கேற்றால வெளியில வந்த பிள்ளையளின்ர படம் உலகம் எல்லாம் வந்தது. முதலே பூட்டியே வச்சிருந்தாலும் இவ்வளவு நொந்திருக்காது.

அந்த வருசம் செப்டெம்பர் 30 காபூல்ல காஜ் கல்வி நிலையத்தில குண்டு. பல்கலைக்கழக அனுமதிக்கு மாதிரிச் சோதனை எழுதிக்கொண்டிருந்த பிள்ளையள், 50 பேருக்கு மேல செத்தவை, கனபேர் ஹசாரா எண்ட சிறுபான்மை இனப் பிள்ளையள், அதில கூடுதலா பொம்பிளைப் பிள்ளையள். அந்தக் குண்டை வச்சது நீங்கள் எண்டு நான் சொல்லேல்ல. ஆனா கேளுங்கோ, அதில ஒரு கண்ணை இழந்த பிள்ளை ஒருத்தி கொஞ்ச நாளில போய் உண்மையான அனுமதிச் சோதனையை எழுதி 85 வீதத்துக்கு மேல எடுத்தவ. டிசம்பர் 20 நீங்கள் பொம்பிளையளுக்குப் பல்கலைக்கழகத்தையும் மூடினியள். குண்டுக்குத் தப்பி வந்த பிள்ளைக்கு ஒரு கடதாசியால கதவைச் சாத்தினதை எந்தக் கணக்கில போடுறது எண்டு எனக்குத் தெரியேல்ல.

2024 டிசம்பரில தாதிப் படிப்பையும் மருத்துவிச்சிப் படிப்பையும் நிப்பாட்டினியள். இதுதான் எனக்குத் துண்டற விளங்காதது. பொம்பிளையைப் பொம்பிளைதான் பாக்கவேணும் எண்டு சொல்லுறதும் நீங்கள், அதுக்குப் படிக்கக்கூடாது எண்டு சொல்லுறதும் நீங்கள். என்ர கடைசித் தம்பி இடம்பெயர்ந்த இடத்தில, ஒரு கொட்டிலுக்க பிறந்தவன். மிட்வைஃப் அக்கா ரோச் லைற்றை வாயில கடிச்சுக்கொண்டு பிள்ளையை எடுத்தவ, கொடி கழுத்தில சுத்திக் கிடந்ததாம். அந்த அக்கா படிச்சிருக்காட்டி எனக்குத் தம்பியும் இல்ல, அம்மாவும் இல்ல. உங்கட வீட்டுப் பொம்பிளையளுக்கு நோக்காடு வரேக்க ஆரைக் கூப்பிடப் போறியள்?

மார்க்கம் எண்டு சொல்லுறியள். எங்கட பள்ளிக்கூடத்தில விஞ்ஞானம் படிப்பிக்கிற முஸ்லிம் ரீச்சர் ஒராள் இருக்கிறா, நாங்கள் ஒண்டாத்தான் சாப்பிடுறது. நான் இதைப் பற்றிக் கேக்க அவவுக்குக் கோவம் வந்திட்டுது, என்னில இல்ல, உங்களில. குர்ஆனில முதல் இறங்கின சொல்லே "ஓதுவீராக" எண்டுதான், அது ஆம்பிளைக்கு மட்டும் எண்டு எங்க இருக்கு எண்டு கேட்டா. எகிப்தில அல் அஸ்ஹர் எண்ட பெரிய இஸ்லாமியக் கல்விநிலையத்தின்ர தலைமை இமாம் அஹ்மத் அல் தய்யிப் கூட 2022இலயே உங்கட தடை ஷரீஆவுக்கு மாறானது எண்டு சொல்லிப்போட்டார். அப்ப மார்க்கம் படிச்ச பெரியாக்களே உங்களோட இல்ல.

2025 ஜூலையில சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் உங்கட பேரில பிடியாணை போட்டது. அதைக் கொண்டு உங்களை வெருட்ட எனக்கு விருப்பமில்ல, நீதிமன்றங்களைப் பாத்துக்கொண்டு கனகாலம் இருந்த சனம் நாங்கள். எனக்குப் பிள்ளையளின்ர வயசுதான் கவலை. யுனெஸ்கோவின்ர 2025 கணக்குப்படி கிட்டத்தட்ட 22 இலட்சம் பிள்ளையள் வெளியில நிக்கினம். 2021இல தரம் 6 முடிச்ச பிள்ளை இப்ப ஏ.எல் படிக்கிற வயசு. நாளைக்கே நீங்கள் மனம் மாறித் திறந்தாலும் அவளைக் கொண்டுபோய் எந்த வகுப்பில இருத்துவியள்? பன்னிரண்டு வயசுக்காரரோட இருக்க வெக்கப்படுவாள், வீட்டில கலியாணம் பேசியிருப்பினம். எங்கட முகாமுக்குப் பிறகு வந்த வகுப்புகளில நான் இதைக் கண்ணால பாத்தனான், வயசு கூடின பிள்ளையள் பின்வாங்கில ஒரு கிழமை இருந்திட்டு நிண்டிடுங்கள். ஆரும் மறிக்கிறேல்ல, தானா நிண்டிடுங்கள்.

உங்கட முதல் ஆட்சியில ஹேராத் நகரத்தில பொம்பிளையள் துணியும் கத்தரிக்கோலும் கொண்டு தையல் வகுப்புக்குப் போறமாதிரிப் போய் இலக்கியம் படிச்சவை எண்டு உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். இப்பவும் வீடுகளுக்க, ஃபோனில எண்டு படிச்சுக்கொண்டுதான் இருக்கினம். ஒளிச்சுப் படிக்கிற பிள்ளையின்ர கை எப்பிடி இருக்கும் எண்டு எனக்குத் தெரியும், ஆரும் வாற சத்தம் கேட்டா எழுத்துச் சரிஞ்சு போகும்.

உங்களிட்ட நான் பெரிசா ஒண்டும் கேக்கேல்ல. உங்கட பாடசாலை வருசம் மார்ச்சிலதானே தொடங்கிறது, வாற மார்ச்சில தரம் 7 வகுப்பு ஒண்டைத் திறந்து விடுங்கோ, வயசு கூடினவைக்குத் தனி வகுப்பு போடுங்கோ, பொம்பிளை ரீச்சர்மாரைத் திரும்பக் கூப்பிடுங்கோ. திறந்தாப் பிறகு மத்தியானத்துக்கு முதல் பூட்டாதேங்கோ.

நாளைக்குக் காலமை எனக்குத் தரம் 9இலதான் முதல் பாடம். அந்தப் பிள்ளை கேள்வி கேட்டால் விடாது, திரும்பவும் கேக்கும், விடிய எழும்பி அவையள் என்ன செய்வினம் எண்டு. அவளுக்கு என்ன சொல்லவேணும் எண்டு நீங்கள் எனக்கு எழுதுங்கோ.

இப்படிக்கு,
முல்லைத்தீவில இருந்து ஒரு கணித ரீச்சர்