ஞாயிற்றுக்கிழமை பாட்டு வகுப்பை எடுத்துக்கொள்ளப்போகும் தம்பிக்கு

அன்புத் தம்பிக்கு,

வரும் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நீ போகிறாய் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். இதை வாட்ஸ்அப்பிலேயே உனக்கு அனுப்பியிருக்கலாம். ஆனால் உனக்குப் பிறகு இன்னொருவர் வருவார், அவரிடம் சொல்ல நீ மறந்துபோவாய், எனக்குச் சொல்ல வேண்டியவர்கள் மறந்த மாதிரியே. அதனால் பொதுவில் எழுதி வைக்கிறேன்.

முதலில் அந்த 240 மணி நேரக் கணக்கை மறந்துவிடு. நாட்டு நலப்பணித் திட்டத்தில் வருஷத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருஷத்துக்கு 240, அப்புறம் சான்றிதழ். நானும் அதற்காகத்தான் பேர் கொடுத்தேன், மறைப்பானேன். நம் வகுப்போ வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம். அந்தக் கணக்கில் 120 மணி நேரம் சேர 80 ஞாயிறு வேண்டும். வருஷத்தில் இருப்பதே 52. மிச்சத்தை மரம் நட்டு, முகாமுக்குப் போய் நிரப்பிக்கொள். மணிக்கணக்குக்காக வகுப்பை நீட்டாதே. பதினொரு மணிக்கு மேல் அந்தப் பிள்ளைகளுக்குப் பசி வந்துவிடும், உன் பாட்டு காதில் ஏறாது.

வகுப்பு நடக்கும் வீடு உனக்குத் தெரியும். சொந்தக்காரர்கள் சென்னையிலும் மலேசியாவிலும் இருக்க, ஆச்சி ஒருவர் மட்டும் தங்கியிருக்கும் பெரிய செட்டிநாட்டு வீடு. நாங்கள் ஆரம்பித்தபோது முகப்புத் திண்ணையில்தான் உட்கார்ந்தோம். ஐப்பசியில் ஒரு நாள் சாரல் உள்ளே அடித்தது. பிள்ளைகள் பையைத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பத் தயாரானார்கள். ஆச்சி உள்ளேயிருந்து, "மழையில எங்க போறீக, வளவுக்குள்ள வாங்க" என்றார், உள்முற்றத்தையும் அதைச் சுற்றிய தாழ்வாரத்தையும் சொல்கிறார். யாரும் நகரவில்லை. செருப்பை எங்கே விடுவது என்பதல்ல பிரச்சினை. வீடுகளைப் பார்த்துக்கொள்கிறவர்கள், ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறையில் வேலை செய்கிறவர்கள், ஓலையில் கொட்டான் என்ற சிறு கூடை பின்னுகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள் அவர்கள். அந்த வாசலைத் தாண்டி உள்ளே போவது பின்வாசல் வழியாக, வேலைக்கு மட்டும்தான் என்று அவர்கள் வீட்டில் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். ஆச்சி இன்னொரு தரம் கூப்பிடவில்லை. ஜமக்காளத்தை எடுத்துவந்து வளவில் விரித்துவிட்டுப் போய்விட்டார். அப்புறம் ஒவ்வொருவராக வந்தார்கள். அன்றிலிருந்து வகுப்பு வளவில்தான். அதை நீ திண்ணைக்கு மாற்றிவிடாதே, காற்று நன்றாக வருகிறது என்று யார் சொன்னாலும்.

இனி பாட்டு விஷயம்.

உன் குரல் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை இருக்குமா? பின்னால் வருபவருக்காகச் சொல்கிறேன், கட்டை என்பது ஸ எந்த உயரத்தில் நிற்கிறது என்ற அளவு, எண் கூடினால் சுருதி ஏறும். என்னோடு முதல் வருஷம் வந்த பையனுக்கும் அப்படித்தான். நல்ல ஞானம் உள்ளவன். தன் சுருதியிலேயே ஆரம்பித்தான். சிலர் அவனைப் போலவே அடியில் பாட முயன்று முனகினார்கள். சிலர் ஒரு ஸ்தாயி, அதாவது ஏழு சுரம், மேலே போய், மேல் ஸட்ஜம், அதாவது மேல் ஸ, வந்ததும் தொண்டை கிழியக் கத்தினார்கள். நடுவில் யாருமே இல்லை. நான்கு வாரம் இப்படியே போனது, பிள்ளைகளுக்குச் சுருதி ஞானம் இல்லை என்று நாங்களே தீர்ப்பும் எழுதிவிட்டோம். "அண்ணன் கெணத்துக்குள்ளருந்து பாடுறாக" என்று ஒரு பொடியன் சொன்ன பிறகுதான் உறைத்தது. சுருதியை 5 கட்டைக்கு ஏற்றினோம். பத்து நிமிஷத்தில் பாதிப் பேர் சேர்ந்துவிட்டார்கள். நீயும் 5 வை, பார்த்துக்கொண்டு ஐந்தரைக்குப் போ. பஞ்சமம், அதாவது ப, வரை நீ பாடு. அதற்கு மேல் உனக்குத்தான் கஷ்டம். அங்கே நீ கையை மட்டும் காட்டு, அவர்களே போவார்கள்.

சுருதிப் பெட்டி கிடையாது. மொபைலில் தம்புரா செயலிதான். வெறும் போனில் வைத்தால் கொசு மாதிரி கேட்கும். எவர்சில்வர் செம்புக்குள் போனை நிறுத்தி வை, வளவு முழுக்க நிறையும். போனை ஏர்பிளேன் மோடில் போட மறக்காதே. ஒரு தடவை தம்புரா நின்று, லோன் வேண்டுமா என்று ஒரு அம்மா செம்புக்குள்ளிருந்து கேட்க, அன்றைக்கு வகுப்பு அவ்வளவுதான்.

சுருதி என்றால் என்ன என்று நான் விளக்கிய விளக்கம் யாருக்கும் புரியவில்லை. விளக்கியது வேறொருவர். ஒரு பத்து வயதுப் பெண்ணைக் கொண்டுவந்து விட அவள் அப்பத்தா வருவார். விட்டுவிட்டு கேட் ஓரமாகவே நிற்பார், எத்தனை தரம் கூப்பிட்டாலும் உள்ளே வரமாட்டார். ஒரு நாள் அங்கிருந்தே சத்தமாக, "அந்தக் கடைசிப் பய ஒத்தோட சேரலையே" என்றார். ஒத்து! கோயில் மேளத்தில் நாயனத்துக்குப் பக்கத்தில் ஒரே சுரத்தை ஊதிக்கொண்டு நிற்குமே, அது. இன்று பல இடங்களில் அதற்குப் பதில் பெட்டிதான், ஆனால் அப்பத்தா கேட்டு வளர்ந்தது அந்த ஒத்தை. நடவுப் பாட்டும் ஒப்பாரியும் பாடியவர். நான் மூன்று வாரம் மென்றதை ஒரே சொல்லில் முடித்தார். அடுத்த வாரத்திலிருந்து நானும் "ஒத்தைக் கேளுங்க" என்றுதான் சொன்னேன். நீயும் அப்படியே சொல்.

தாளத்துக்கு அந்தத் தரையே போதும். ஆதி தாளம் எட்டு அட்சரம், அதாவது எட்டு எண்ணிக்கை, விரல் எண்ணி வீச்சு போடுவதெல்லாம் பின்னால் வரட்டும். வளவின் கரையோரம் ஓடும் ஆத்தங்குடிக் கல் வரிசையில் எட்டுக் கல்லை எண்ணிச் சாக்பீஸால் இரண்டு பக்கமும் கோடு போடு. ஒரு கல்லில் ஒரு பாதம் சரியாக உட்காரும். முதல் காலத்தில், அதாவது முதல் வேகத்தில், கல்லுக்கு ஒரு சுரம்: சுரம் ஏறும் ஆரோகணம் பாடிக்கொண்டே எட்டுக் கல், இறங்கும் அவரோகணத்துக்குத் திரும்பி எட்டுக் கல். இரண்டாம் காலத்தில் கல்லுக்கு இரண்டு சுரம், போவதும் வருவதும் எட்டே கல்லில் முடியும். மூன்றாம் காலத்தில் கல்லுக்கு நான்கு. இங்கேதான் எல்லாரும் விழுவார்கள். காலம் ஏறியதும் காலும் ஓடும். ஓடக் கூடாது, கால் அதே நடை, வாய்தான் வேகம். இதை ஒருவன் செய்துகாட்டிவிட்டால் போதும், மற்றவர்கள் பார்த்தே பிடித்துக்கொள்வார்கள். எங்களுக்குச் செய்துகாட்டியவன் ஒரு பட்டறைக்காரர் மகன். தாளத்தை விடக் கல்லைப் பற்றித்தான் அவனுக்குப் பேச்சு. கண்ணாடி மேல் அச்சை வைத்து முதலில் கலரை ஊற்றுவார்களாம், அதற்கு மேல்தான் மணலும் சிமென்டும், பூ அடியில் இருப்பதால் கண்ணாடியைக் கழற்றும்வரை எப்படி வந்திருக்கிறது என்றே தெரியாதாம். "இதெல்லாம் எங்கப்பா ஊத்துன கல்லுக்கா" என்றான். வீட்டுக்கு நூறு வயசுக்குக் கிட்ட இருக்கும் என்று ஆச்சி சிரித்தார். அவன் விடவில்லை: "அப்ப எங்க பாட்டையா ஊத்துனது."

மாயாமாளவகௌளை ராகத்திலேயே ஆரம்பி. முதல் பாடமான சரளி வரிசையை அந்த ராகத்தில் வகுத்தது புரந்தரதாசர் என்பார்கள். யார் செய்திருந்தாலும் கெட்டிக்காரத்தனம்தான். ஸ-விலிருந்து ம வரை எப்படி அடி வைக்கிறோமோ, ப-விலிருந்து மேல் ஸ வரை அதே அடிதான். ஒரு பாதியைக் கற்றால் மறுபாதி வந்துவிடும். ஆனால் நம் பிள்ளைகளுக்கு ரி நிற்காது. ஸ-வை ஒட்டி நிற்க வேண்டிய ரி மேலே ஏறும், கூடவே த-வும் ஏறும், இரண்டாவது நிமிஷத்தில் எல்லாரும் சங்கராபரணம் என்ற வேறு ராகத்தில் இருப்பார்கள். பதறாதே. ஸ-ரி-ஸ, ஸ-ரி-ஸ என்று அதையே ஒரு கால் மணி நேரம் பாட வை.

யாரோ ஒரு பழைய கீபோர்டு கொடுத்தார்கள், இரண்டு கீ வேலை செய்யாது. அதை வெளியே எடுக்காதே. பதினான்கு பிள்ளைகளுக்கு ஒரு கீபோர்டு என்றால் அன்று பாட்டு இல்லை, பஞ்சாயத்துதான்.

வரிசைகளுக்கு அடுத்து வரும் மலஹரி ராக கீதத்துக்கு அவசரப்படாதே என்பேன், ஆண்டுவிழாவில் மேடை ஏற்ற வேண்டும் என்று கல்லூரியில் யாராவது கேட்டாலும். பொருள் புரியாத மொழியில் ஒப்பிக்க வைத்துப் போட்டோ எடுப்பதில் எனக்கு விருப்பமில்லை. கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டு வேண்டும் என்று 1943-இல் தமிழிசைச் சங்கம் தொடங்கிய ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் பக்கத்துக் கானாடுகாத்தான்காரர்தானே. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கும் காவடியைப் பார்த்தே இந்தப் பிள்ளைகள் வளர்ந்திருக்கிறார்கள். காவடிச் சிந்தின் நடை அவர்கள் காலிலேயே இருக்கிறது. வரிசைகள் கைவந்ததும் அதிலிருந்து தொடங்கு. காரைக்குடி என்றால் சங்கீதக்காரர்களுக்குச் சாப்பாடு அல்ல, வீணை ஞாபகம் வரும் என்பதையும் ஒரு நாள் சொல். காரைக்குடி வீணைக் கலைஞர் சுப்பராம ஐயர் வீணையை மடியில் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வைத்து வாசிப்பார் என்று நான் சொன்னபோது, விளக்குமாற்றை நிறுத்திப் பிடித்து ஆளுக்கொரு தரம் வாசித்துப் பார்த்தார்கள். அவர் தம்பி சாம்பசிவ ஐயருக்கு 1952-இல் சங்கீத கலாநிதி பட்டம் கொடுத்தார்கள் என்ற தகவலை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இதற்காகத்தான் இவ்வளவும்.

மூன்றாம் வருஷம் ஏப்ரலில் செமஸ்டர் தேர்வு. இரண்டு ஞாயிறு நான் போகவில்லை. சொல்லவும் இல்லை. பிள்ளைகளிடம் போனா இருக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆச்சி வீட்டு நம்பர் என் போனில் இருந்தது. மூன்றாவது ஞாயிறு போனபோது ஆச்சி கோபிக்கவில்லை. "ரெண்டு வாரமும் வந்துச்சுக. பதினொன்னு வரைக்கும் ஒக்காந்திருந்துச்சுக. அதுகளாவே கோடு போட்டு ஒரு தரம் பாடிட்டுப் போச்சுக" என்றார். செம்புகூட வெளியே எடுத்து வைத்திருந்தார்களாம், உள்ளே போன் இல்லாமல்.

அன்று அப்பத்தாவின் பேத்தி மட்டும் வரவில்லை. மேல் ஸ்தாயியை அவளிடம்தான் விட்டிருந்தோம், மற்றவர்கள் அவளைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுவார்கள். வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா கொட்டான் பின்னிக்கொண்டிருந்தார், ஓலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீங்க படிச்சு முடிச்சுப் போறவுக. போங்க, அது நியாயந்தான். இது ஞாயித்துக்கெழம பூரா வாசலையே பாத்துக்கிட்டு இருக்கு. அதான் வேணாம்னுட்டேன்." அவள் உள்ளேதான் இருந்தாள். வெளியே வரவில்லை. அதன் பிறகு வகுப்புக்கும் வரவில்லை.

உனக்கும் தேர்வு வரும், காய்ச்சல் வரும், அக்கா கல்யாணம் வரும். வராமல் போ, பரவாயில்லை. முந்தின வாரமே பிள்ளைகளிடம் சொல். திடீரென்றால் ஆச்சிக்குப் போன் செய். படிப்பு முடிந்து கிளம்பும்போது அடுத்த ஆளைக் கையோடு கூட்டிப்போய், இரண்டு மாதம் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டுக் கிளம்பு. நான் அதைச் செய்யவில்லை. செய்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இருந்திருக்காது.

அந்தப் பெண்ணுக்கு இப்போது பன்னிரண்டு முடிந்திருக்கும். நீ போய்க் கூப்பிட வேண்டாம், ஒரு வருஷமாவது ஒழுங்காக வந்துவிட்டு அப்புறம் பார். அப்பத்தா இப்போதும் சில வாரம் கேட் பக்கம் வந்து நிற்பதாக ஆச்சி சொன்னார். ஒத்து சேரவில்லை என்றால் அங்கிருந்தே சத்தம் கொடுப்பார், கோபித்துக்கொள்ளாதே.

செம்பு அடுப்படி மாடத்தில் இருக்கிறது. சாக்பீஸ் மட்டும் வாங்கிக்கொண்டு போ.

அன்புடன்,
அக்கா